கேட்டதற்கு விடை எங்கே?

பேசுவது வேறு, பேசிக்கொள்வது வேறு. தமிழில் இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே கிடக்கிற வேற்றுமையை நம் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பேசுவதற்கு ஒரு வாய் போதும். பேசிக்கொள்வதற்கோ இரண்டு வாயும் நான்கு செவியும் வேண்டும். எதிரே இருப்பவன் தருவதை வாங்கிக் கொள்ளாமல் பேசிக்'கொள்ள' முடியாதன்றோ?

நாம் பேசத் தெரிந்தவர்கள். அதில் எவருக்கும் ஐயம் இல்லை. விடிய விடியப் பேச்சுக் கேட்ட ஊர்கள் இங்கே எத்தனையோ உண்டு. 1952-இல் வெளிவந்த 'பராசக்தி' படத்தின் நீதிமன்றக் காட்சியைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாகச் சொல்லுகிறவர்கள், எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களிலும் உண்டு, எம்.ஏ. படித்தவர்களிலும் உண்டு. ஆனால் அந்தக் காட்சியில் ஒருவன் பேசுகிறான், மற்றவர்கள் கேட்கிறார்கள். அதனை நம் மக்கள் 'வசனம்' என்றார்களே தவிர 'உரையாடல்' என்று சொல்லவில்லை. மக்கள் வாக்குத் தவறுவதில்லை!

மேடைப் பேச்சைக் குறைத்துக் கூறுவது நமது நோக்கமன்று. மேடைக்கு மேடையின் வேலை உண்டு. ஆனால் ஆலை நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசும்போதும், கிளைக் கூட்டத்தில் ஓர் இளைஞன் எழுந்து கணக்குக் கேட்கும்போதும், வேலை நீக்கத்துக்கு முன் விசாரணை நடக்கும்போதும் மேடைப் பேச்சு உதவாது. அங்கே தேவைப்படுவது உரையாடல். அந்தக் கலையில் நமக்குப் பழக்கம் குறைவு. பழக்கம் குறைவாக இருப்பதால் நாம் இழப்பது கைத்தட்டல் அல்ல தோழர்களே, காசும் வேலையும்!

இந்தக் கலைக்கு எங்கோ போய்ப் பாடம் கேட்க வேண்டியதில்லை. பள்ளியில் நாம் எரிச்சலோடு படித்துவிட்டு மறந்துபோன இலக்கணத்திலேயே அது இருக்கிறது. வினாவும் விடையும் வழுவாமல் இருக்க வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் பேசுகிறது. பின்னர் வந்த நன்னூலில் பவணந்தி முனிவர் வினாவை ஆறாகவும், விடையை எட்டாகவும் வகுத்து வைத்தார். தேர்வில் இரண்டு மதிப்பெண் வாங்குவதற்காக அவற்றைப் படித்தோம். பேச்சுவார்த்தைக்குப் போகிற தொழிற்சங்கத் தோழன் ஒருவன் சட்டைப் பையில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை அவை என்பதை நமக்கு எந்த ஆசிரியரும் சொல்லவில்லை.

எட்டு விடைகளையும் ஒரு வேலையில் வைத்துப் பார்ப்போம். இரவு ஷிப்டு முடிந்து போகிறவர்களுக்கு வண்டி வேண்டும் என்பது கோரிக்கை. சங்கத்துச் செயலாளர் கேட்கிறார்: "இரவு ஷிப்டுக்குப் பேருந்து விடுவீர்களா?"

"விடுவோம்" என்று நிர்வாகம் சொன்னால் அது நேர் விடை. "விட முடியாது" என்றால் மறை விடை. "எந்த வாயிலில் வண்டி நிற்கும்?" என்று கேட்டு, "அந்த வடக்கு வாயிலில்" என்று கை காட்டினால் சுட்டு விடை. இந்த மூன்றும் வெளிப்படை. கேட்டதற்கு நேராக வந்து நிற்பவை. முடியாது என்று சொன்னால்கூடக் குற்றமில்லை. நாம் நிற்கும் இடம் நமக்குத் தெரிந்துவிடுகிறது, அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கலாம்.

மீதி ஐந்தில்தான் இருக்கிறது சங்கதி!

"நீங்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு வேன் பேசிக்கொள்ளுங்களேன்." கேட்டவனையே ஏவுகிறது இது, ஆகவே ஏவல் விடை. "விடாமல் இருப்போமா?" இது வினாவுக்கு எதிராக இன்னொரு வினாவைப் போடுவது. "போன மாதமே வண்டிக்காரருக்குப் பாக்கி நின்றுபோயிற்று." நடந்துவிட்ட ஒன்றைச் சொல்வதால் உற்றது உரைத்தல். "வண்டி விட்டால் செலவு ஏறும், அப்புறம் ஆள்குறைப்பில்தான் போய் முடியும்." இனி நடக்கப் போவதைக் கூறுவதால் உறுவது கூறல். கடைசியாக, "பகல் ஷிப்டுக்கு விடுகிறோமே!" கேட்டது ஒன்று, அதற்கு இனமான வேறொன்றைச் சொல்லுவது இனமொழி.

பேச்சுவார்த்தைக்குப் போய்வந்த தோழர்கள் இதைப் படிக்கும்போது சிரிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். இந்த ஐந்தையும் ஒரே மாலையில் கேட்டுவிட்டு வீடு திரும்பியவர்கள் அவர்கள்!

பவணந்தியார் இந்த ஐந்தையும் விடை அல்ல என்று தள்ளிவிடவில்லை. இவையும் குறிப்பால் விடையின் பொருளைத் தருகின்றன என்பதே அவருடைய கருத்து. வீட்டிலே அது முற்றிலும் சரி. "சாப்பிட வருகிறாயா?" என்று அம்மா கேட்டால், "வயிறு சரியில்லை" என்று பையன் சொல்லுகிறான். வரமாட்டான் என்று அம்மாவுக்குப் புரிகிறது. அன்பு இருக்கும் இடத்தில் குறிப்பு போதும். ஆனால் ஊதியம் கொடுப்பவனும் வாங்குபவனும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் மேசையில் குறிப்பு என்பது யாருக்கு நன்மை? "விடாமல் இருப்போமா?" என்ற சொல்லைக் கேட்டு, ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று மகிழ்ந்து வாயிற்கூட்டத்தில் அறிவித்துவிடுகிறோம். மூன்று மாதம் கழித்துப் பேச்சுக் குறிப்பைப் புரட்டினால் அங்கே ஒரு கேள்விக்குறிதான் இருக்கும். வண்டி இராது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது மிகவும் எளிது. கோபப்பட வேண்டாம், மேசையைத் தட்ட வேண்டாம். குறிப்பு விடை வந்தவுடன் அதை நேர் விடையாகவோ மறை விடையாகவோ ஆக்கித் தரும்படி இன்னொரு முறை கேட்க வேண்டும். "பகல் ஷிப்டுக்கு விடுகிறோமே" என்கிறார் மேலாளர். "நல்லது ஐயா, இரவு ஷிப்டுக்கு விடுவதில்லை என்று குறித்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். உடனே அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். "அப்படிச் சொல்லவில்லையே!" என்பார். "அப்படியானால் விடுவதாகக் குறித்துக்கொள்ளலாமா?" என்று அடுத்தாற்போல் கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டவர் ஏதாவது ஒரு தேதியைச் சொல்லித்தான் வெளியே வர வேண்டும். அந்தத் தேதியே அன்றைய மாலையின் வெற்றி.

வினா ஆறினையும் மறந்துவிடக் கூடாது. அவற்றுள் ஒன்று அறிவினா. தனக்கு விடை தெரிந்திருந்தும் பிறனைச் சோதிக்கக் கேட்பது. இன்னொன்று அறியாவினா, தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது. "எந்திரம் ஏன் நின்றது?" என்று மேஸ்திரி கேட்கிறார். சொல் ஒன்றுதான். தெரிந்துகொள்ளக் கேட்டால் அங்கே உரையாடல் பிறக்கிறது. பழுது எங்கே என்று இருவருமாகப் பார்க்கிறார்கள். யார் மேல் போடுவது என்று முடிவு செய்துகொண்டு கேட்டால் அது உரையாடல் அல்ல, மெமோவுக்கு முன்னுரை.

சட்டமும் பேசிக்கொள்வதை ஓரளவு ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் இரு தரப்பாரும் உட்காரும் பணிக்குழுவை அமைக்க வழி செய்தது. தொழிலாளர் தரப்பின் எண்ணிக்கை முதலாளி தரப்பின் எண்ணிக்கைக்குக் குறையக் கூடாது என்றும் விதித்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் அப்படிப்பட்ட குழு உண்டு. பல சங்கங்கள் உள்ள இடத்தில், நூற்றுக்கு 51 பேரைத் தன்பால் கொண்ட சங்கமே பேச்சு நடத்தும் சங்கம் என்று அது கூறுகிறது. சட்டம் நாற்காலி போட்டுத் தரும். நாற்காலியில் உட்கார்ந்து எப்படிக் கேட்பது என்பதை நாமேதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இதுவரை நிர்வாகத்தைப் பற்றிச் சொன்னோம். தோழர்களுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். இனிச் சொல்லப் போவது அவ்வளவு மகிழ்ச்சி தராது.

கிளைக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞன் ஒருவன் எழுந்து, "சந்தாப் பணக் கணக்கு எப்போது வைக்கப்படும்?" என்று கேட்கிறான். நம் செயலாளர்களில் சிலர் என்ன விடை கூறுகிறார்கள்? "நேற்று வந்த நீ கேட்கிறாயா?" என்பது வினா எதிர் வினாதல். "இந்தச் சங்கத்துக்காக நான் சிறை சென்றவன்!" என்பது உற்றது உரைத்தல். "இப்படிக் கேட்டால் எதிரிகளுக்குத்தான் இலாபம்" என்பது உறுவது கூறல். "மாநாட்டுக் கணக்கைத்தான் போன வருடமே வைத்தோமே!" என்பது இனமொழி. "நீயே பொருளாளராக இருந்து பாரேன்" என்பது ஏவல். ஐந்தும் அழகாக வந்துவிடுகின்றன! முதலாளியின் மேசையில் எந்த விடைகளைக் கேட்டு நாம் கொதிக்கிறோமோ, அதே விடைகளை நம் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நாமே வழங்குகிறோம். அந்த இளைஞன் உட்கார்ந்துவிடுவான். அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டான். அவன் ஏன் வரவில்லை என்று தீர்மானம் போட்டு ஆராய்வதில் பயன் என்ன? "பதினைந்தாம் தேதி வைக்கப்படும்" என்ற மூன்றே சொற்கள் போதுமாயிருந்தன.

கேள்வி கேட்கப்படாத இடத்தில் என்ன நேரும் என்பதைத் தமிழன் இரண்டாயிரம் ஆண்டு கதையாகவே சொல்லி வந்திருக்கிறான். சிலப்பதிகாரத்துக் கோவலன் எப்படிச் செத்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். பொற்கொல்லன் வந்து பாண்டியனிடம் சொல்லுகிறான். அரசியின் ஊடலைத் தீர்க்க விரைந்துகொண்டிருந்த அரசன், நின்ற நிலையில் காவலருக்குக் கட்டளையிட்டுவிடுகிறான். காவலர் போகிறார்கள். அவர்களில் சிலருக்கே ஐயம் வருகிறது. இவனைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை வரிசையாக எடுத்து விரிவுரை ஆற்றுகிறான். அங்கே நிறையப் பேச்சு நடக்கிறது தோழர்களே! காவலர் பேசுகிறார்கள், பொற்கொல்லன் பேசுகிறான், கதையும்கூடச் சொல்லுகிறார்கள். பக்கத்திலே நிற்கும் கோவலனிடம் மட்டும், "இந்தச் சிலம்பு உனக்கு எப்படி வந்தது?" என்ற ஒரு கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. ஒருவன் வாளை வீசிவிட்டான். முடிந்தது.

அந்தக் கேள்வி கேட்கப்பட்டது பின்னர், வழக்குரை காதையில். அதுவும் செத்தவனிடம் அல்ல, அவன் மனைவியிடம். அரசன் அவளை யார் என்று கேட்கிறான். கண்ணகி தன் ஊரையும் பேரையும், வந்த காரணத்தையும் சொல்லுகிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று அவன் தன் வாதத்தை வைக்கிறான். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அவன். இவ்வளவுதான் வழக்கு! இருவரும் உடைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றைச் சொல்லிவிட்டார்கள். சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது.

கண்ணகியைப் புகழாதவர் இல்லை. நாமும் புகழ்கிறோம். ஆனால் அந்த அவையில் பாண்டியன் செய்த ஒரு காரியத்தையும் பார்க்க வேண்டும். அவன் நேர் விடை கூறினான். "எங்கள் சிலம்பு பலவகைப்பட்டது", "பொற்கொல்லனைக் கேட்டுச் சொல்கிறேன்", "வேறு ஒரு நாள் வா" என்று நழுவியிருக்கலாம். அரியணையில் இருப்பவனுக்கு நழுவ வழியா இல்லை? முத்து என்று சொன்னான். சொன்ன சொல்லே அவனைக் கொன்றது. காவலருக்குக் கட்டளையிட்ட அரசனைவிட, அவையில் விடை சொன்ன அரசன் பெரியவன் என்பது நம் எண்ணம்.

வேலை நீக்கத்துக்கு முன் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும் என்ற விதி, 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தை ஒட்டி வந்த மாதிரி நிலையாணைகளில் எழுதப்பட்டது. அதைச் சடங்கு என்று எண்ணும் தோழர்கள் உண்டு. "முடிவு செய்துவிட்டுத்தான் விசாரிக்கிறார்கள், நாம் என்ன சொல்லி என்ன?" என்று வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். கூடாது! முடிவு செய்துவிட்டு விசாரிப்பவர்களாகவே இருக்கட்டும். சரிபார்க்கக்கூடிய ஒரு சொல்லை, ஒரு தேதியை, வாயிற்பதிவேட்டின் ஒரு பக்கத்தை அந்த ஏட்டில் ஏற்றிவிட்டு வந்தால், பின்னால் நீதிமன்றத்தில் உடைத்துப் பார்ப்பதற்கு ஒரு சிலம்பு இருக்கும். ஒன்றுமே சொல்லாமல் வந்தவனுக்காக எந்த வழக்குரைஞர் எதை உடைத்துக் காட்டுவார்?

வாயால் பேசுவது இருக்கட்டும், எழுத்துக்கு வருவோம். நம் ஏடுகளிலும் துண்டு வெளியீடுகளிலும் உரையாடல் வடிவத்தில் எழுதுவது நெடுநாள் வழக்கம். பெரியார் 'குடி அரசு' ஏட்டில் சித்திரபுத்திரன் என்ற பெயரில் அப்படி எழுதினார். எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கும் உரையாடல் எளிது; ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்கும் தேநீர்க் கடைக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. ஆனால் இப்போது நமக்கு வந்து சேரும் உரையாடல்களைப் படித்தால் சில சமயம் அலுப்புத் தட்டுகிறது. முதலாளி ஒருவர் வருகிறார், தொழிலாளி ஒருவர் வருகிறார். முதலாளி இரண்டே வரியில் முட்டாள்தனமாக எதையாவது கேட்கிறார். தொழிலாளி ஒரு பக்கம் பேசுகிறார். "ஆகா! என் கண் திறந்தது!" என்று முதலாளி ஓடிவிடுகிறார். எந்த ஆலையில் இருக்கிறார் தோழர்களே இப்படிப்பட்ட முதலாளி? எழுத்தாளர்கள் மனம் தளர வேண்டாம். சாக்ரடீசை வைத்துப் பிளேட்டோ எழுதிய நூல்களிலும் பல இடங்களில் எதிரே உள்ளவர் "ஆம்", "மெய்தான்" என்று தலையாட்டுவதோடு சரி. பெரியவர்களுக்கும் அந்த நோய் வரும்.

அந்த நோய் இல்லாமல் எழுதப்பட்ட நூல் ஒன்றைச் சொல்லுகிறோம். இத்தாலி நாட்டு கலீலியோ 1632-இல் வெளியிட்ட உரையாடல் நூல் அது. பூமி நடுவே அசையாமல் நிற்கிறதா, சூரியனைச் சுற்றி ஓடுகிறதா என்பது வழக்கு. படித்தவர்களுக்கு மட்டும் உரிய இலத்தீனில் எழுதாமல், மக்கள் பேசிய இத்தாலிய மொழியில் எழுதினார். நான்கு நாள் பேச்சு. மூன்று பேர் பேசுகிறார்கள். சால்வியாத்தி புதிய கருத்தின் பக்கம், சிம்பிளிச்சியோ பழைய கருத்தின் பக்கம், சக்ரெதோ என்பவர் கேட்டு முடிவு செய்யும் பொதுமனிதர். முதல்வரும் கடைசியில் சொன்னவரும் கலீலியோவின் உயிர் நண்பர்கள். இருவரும் அதற்கு முன்பே இறந்துபோனவர்கள். நண்பர்களை நூலிலே மறுபடி பேச வைத்தார்.

பழைய கட்சிக்காரர் அதில் சொல்லும் வாதங்கள் இலேசானவை அல்ல. பூமி ஓடுகிறது என்றால், கோபுரத்து உச்சியிலிருந்து விட்ட கல் ஏன் பின்தங்கி விழவில்லை? கிழக்கே சுட்ட குண்டும் மேற்கே சுட்ட குண்டும் ஏன் ஒரே தூரம் போகின்றன? பறவைகள் எப்படிப் பூமியோடு கூடவே வருகின்றன? இன்றைக்குப் பள்ளிப் பிள்ளை ஒருவன் இவற்றைக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்லுவோம்? கலீலியோ இவற்றைச் சுருக்கவில்லை, கேலி செய்து தள்ளவும் இல்லை. எதிர்க்கட்சிக்காரரின் வாதம் தளர்ந்தபோது சால்வியாத்தியே அதைத் தூக்கி நிறுத்தி, இன்னும் வலுவாக்கி, அதன் பிறகுதான் விடை கூறப் புகுகிறார். விடையும் எப்படி? ஒரு பெரிய கப்பலின் கீழ்த்தட்டு அறையில் கதவை அடைத்துக்கொண்டு உட்காருங்கள் என்கிறார். உடன் சில வண்ணத்துப்பூச்சிகள், ஒரு தொட்டியில் மீன்கள், சொட்டுச் சொட்டாகக் கீழே உள்ள பாத்திரத்தில் விழும் ஒரு நீர்க்குப்பி. கப்பல் நிற்கும்போது எல்லாவற்றையும் பாருங்கள். பிறகு கப்பல் ஆட்டமில்லாமல் ஒரே வேகத்தில் ஓடும்போது பாருங்கள். பூச்சி அப்படியே பறக்கிறது. மீன் அப்படியே நீந்துகிறது. சொட்டு அதே பாத்திரத்தில் விழுகிறது. ஓடுகிறதா நிற்கிறதா என்று உள்ளே இருந்துகொண்டு சொல்ல முடியாது. ஓடும் இரயிலில் தேநீர் குடித்த எவருக்கும் இது புரியும்.

ஒரு காரியம் மட்டும் வினையாயிற்று. பழைய கட்சிக்காரருக்கு அவர் வைத்த பெயர் ஒரு பழைய உரையாசிரியரின் பெயர்தான். ஆனால் இத்தாலியக் காதில் அது 'அப்பாவி' என்பது போலவும் ஒலிக்கும். போப்பரசருக்குப் பிடித்தமான ஒரு வாதத்தை நூலின் முடிவில் அந்த வாயிலேயே வைத்துவிட்டார். 1633-இல் ரோமில் விசாரணை, நூலுக்குத் தடை, கலீலியோவுக்கு 1642-இல் சாகும் வரை வீட்டுக் காவல். பெயரால் மட்டுமே தண்டனை வந்தது என்று நாம் கூறவில்லை. பூமி சுழல்கிறது என்பதே போதிய குற்றமாக இருந்த காலம் அது. ஆயினும் எதிரியின் வாதத்துக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்தவர், எதிரியின் பெயரில் ஒரு குத்தலை வைக்காமல் இருந்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

காவலில் இருந்தபடியே அவர் இன்னொரு நூல் எழுதினார். கண் பார்வை போய்க்கொண்டிருந்த காலம். 1638-இல் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் அது அச்சாயிற்று. அதிலும் அதே மூவர்தாம் பேசுகிறார்கள். அவர்கள் பேச்சு எங்கே தொடங்குகிறது தெரியுமா? வெனிஸ் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில்! அங்கே ஓயாமல் எந்திரங்களோடு வேலை செய்யும் கைவினைஞர்களிடம் அறிஞன் கற்க வேண்டியது நிறைய உண்டு என்று ஒருவர் சொல்ல, நானும் அங்கே அடிக்கடி போவேன், அவர்களோடு பேசிப் பல சிக்கல்களுக்கு வழி கண்டிருக்கிறேன் என்று சக்ரெதோ ஒப்புக்கொள்கிறார். பொருள்களின் வலிமையைப் பற்றிய ஒரு புதிய விஞ்ஞானம் தொழிலாளியோடு நடந்த உரையாடலைச் சொல்லிக்கொண்டு தொடங்குகிறது.

நம் ஆலைகளிலும் பட்டறைகளிலும் பணிமனைகளிலும் நாள்தோறும் நடக்கும் பேச்சை ஏன் நம் தோழர்கள் எழுதக் கூடாது? கற்பனை முதலாளி வேண்டாம். சென்ற வாரம் பேச்சுவார்த்தையில் நடந்ததை எழுதுங்கள். ஆட்களின் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். நிர்வாகம் சொன்ன கணக்கை அவர்கள் சொன்னபடியே, முழுதாக எழுதுங்கள். எட்டில் எந்த விடை எத்தனை முறை வந்தது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். நம் ஆள் விடை சொல்ல முடியாமல் தண்ணீர் குடித்த இடம் ஒன்று இருக்கும். அந்த இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அடுத்த கிளைக் கூட்டத்தில் முதலில் படிக்க வேண்டிய பக்கம் அதுதான்.